அட்டாலியில் கிடந்த சால்

சாளை ஓட்டைப் பிரிச்சப்போ அட்டாலியில் துருப்பிடிச்ச இரும்புச் சால் ஒண்ணு கிடைச்சதுங்க. கூடவே மர உருளை, ரெண்டு களைக்கொத்து. சாலின் அடியில் இருந்த தோல் தும்பியை எலி தின்னு தீர்த்திருந்தது.

அந்தத் தும்பிதான் கவலை இறைப்போட சூட்சுமமே. எருதுகள் வாரியில் இறங்க, வடக்கயிறு சாலைத் தூக்கும். வால்கயிறு தும்பியின் வாயை மேல் நோக்கி மடக்கிப் பிடிச்சிருக்கும். மேலே வந்ததும் தும்பி நீண்டு, தண்ணி தானா வாய்க்காலுக்குக் கொட்டிரும். கவுத்துவிட ஆள் வேண்டாம். ஏத்தத்துக்கு மேலே மிதிக்க ஒருத்தர், கீழே பிடிக்க ஒருத்தர் வேணும். கவலைக்கு எருது ஓட்டுறவர் ஒருத்தரே போதும்.

1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோயமுத்தூர்ப் பக்கம் மோட்டார் பெருகிச்சு. எருது களைச்சா இறைப்பு நிக்கும், அதுக்குள்ள ஊத்து ஊறிக்கும். மோட்டாருக்கு ஏதுங்க களைப்பு? இப்போ எங்க கிணத்துல வேலாமரம் முளைச்சிருக்கு. பாசனம் போர்தண்ணியில்தான்.

பழைய இரும்புக்காரர் சாலைக் கிலோக்கணக்கில் கேட்டார், கொடுக்கலை. தும்பி தைக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.