எஃகு கிடைக்காத காலத்தில் எழுந்த மண்டபம்

சுதந்திரத்தின் வெள்ளி விழாவையொட்டி 1972 நவம்பரில் டெல்லி பிரகதி மைதானத்தில் ‘ஆசியா 72’ வர்த்தகக் கண்காட்சி தொடங்கியது. அதற்காக எழுந்த ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ மண்டபத்தை வடிவமைத்தவர் ராஜ் ரேவால். அதை நிற்க வைக்கும் கணக்கைப் போட்ட பொறியாளர் மகேந்திர ராஜ். உச்சி வெட்டப்பட்ட பிரமிடு போன்ற உருவம், நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 78 மீட்டர் அகலம். சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதபடி முழுவதும் முக்கோணங்களாகப் பின்னிய ‘ஸ்பேஸ் ஃப்ரேம்’ சட்டகம். மற்ற நாடுகளில் எஃகுக் குழாய்களால் செய்யப்பட்ட இந்தச் சட்டகம் இங்கே கான்கிரீட்டில் செய்யப்பட்டது. எஃகு அரிதாகவும் விலை கூடுதலாகவும் இருந்த காலம் அது. ஆகவே இது ஒரு சமாளிப்பு என்று பேசப்படுவதுண்டு. நெருக்கடிதான் தொடக்கம் என்பது உண்மை. ஆனால் அதிலிருந்து அவர்கள் சென்றடைந்த இடத்தைச் சமாளிப்பு என்று சொல்ல முடியாது.

எஃகுச் சட்டகத்தில் குழாய்கள் தொழிற்சாலையில் அளவெடுத்து வெட்டப்படும். அவை சந்திக்கும் முடிச்சுகளும் அங்கேயே கடைந்து வரும். களத்தில் முடுக்குவதுதான் பாக்கி. கான்கிரீட்டில் அது நடக்காது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுபடும் ஒவ்வோர் உறுப்புக்குள்ளும் கம்பி ஓட வேண்டும். பல திசைகளிலிருந்து சாய்ந்து வரும் உறுப்புகள் ஒரு முடிச்சில் கூடும்போது அத்தனை கம்பிகளும் அங்கே நெருக்கியடிக்கும். அவற்றுக்கு இடையே கான்கிரீட் இறங்கவும் வழி வேண்டும். கம்பி கட்டுபவரின் கையில்தான் அந்த முடிச்சின் பலமே இருந்தது. சாரம் கட்டி, சாய்ந்த உறுப்புகளுக்கு சென்ட்ரிங் அடித்து, இருந்த இடத்திலேயே வார்த்தார்கள். அப்படி வார்த்ததால் உறுப்பும் முடிச்சும் ஒரே உடலாயின. சட்டகத்தின் ஆழம் டெல்லி வெயிலை மறைத்து நிழல் தந்தது. மொகலாயக் கட்டடங்களில் துளையிட்ட கல் திரைகளான ஜாலிகள் செய்த வேலையை இங்கே தாங்கும் உறுப்புகளே செய்தன. மெல்லிய எஃகுக் குழாய்களுக்கு அந்தத் தடிமனான நிழல் வாய்த்திருக்காது. வேறு பொருளுக்கு மாறியதால் கட்டடத்துக்குக் கிடைத்த குணம் இது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எடை குறைவதுதான் ஸ்பேஸ் ஃப்ரேமின் பயன்; கான்கிரீட்டில் செய்தால் சட்டகம் தன் எடையைச் சுமக்கவே பெரும் பலத்தைச் செலவிடும். அதோடு, மலிவான கூலியை நம்பித்தானே இதைக் கட்ட முடிந்தது? இரண்டுமே சரியான கேள்விகள். எடை கூடுதல்தான். ஆனால் ஒரு கட்டுமான முறையின் சிக்கனத்தை அந்தந்த நாட்டில் எது அரிது என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். சிமென்டும் ஆட்களும் இருந்த ஊரில் இல்லாத எஃகைத் தேடுவது சிக்கனம் ஆகாது. கூலி பற்றிய கேள்வி இன்னும் கனமானது. அந்த முடிச்சுகளைக் கட்டியவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அந்த அநீதியை மறைக்கக் கூடாது. ஆனால் அதைச் சுட்டிக்காட்டிக் கட்டடத்தை மதிப்பற்றது என்றால், அவர்களின் திறமைக்கு எஞ்சியிருந்த சாட்சியத்தையும் சேர்த்தே தள்ளிவிடுகிறோம்.

அந்தச் சாட்சியம் இப்போது இல்லை. புதிய மாநாட்டு வளாகத்துக்காக 2017 ஏப்ரல் 23 இரவில் மண்டபத்தை இடித்தார்கள். 60 வயது நிறையாத கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் சேராது என்று பாரம்பரியப் பாதுகாப்புக் குழு கருதியது. அப்போது மண்டபத்துக்கு 45 வயதுகூட நிறையவில்லை. பெரிய, குளிரூட்டிய அரங்குகள் தேவைப்பட்டன என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. பரந்த அந்த மைதானத்தில் இதையும் வைத்துக்கொண்டு புதியதைத் திட்டமிட்டிருக்கலாம் என்பதே என் வாதம். மத்தியச் சட்டப்படி ஒரு கட்டடம் பழஞ்சின்னமாக 100 ஆண்டு வேண்டும். இந்த விதிகளின் கீழ், சுதந்திர இந்தியா கட்டிய முதல் தலைமுறைக் கட்டடங்கள் பல தகுதி பெறும் முன்பே இடிபடும் ஆபத்தில் இருக்கின்றன. மகேந்திர ராஜின் கணக்கில் நிற்கும் அகமதாபாத் சர்தார் படேல் மைதானமும் அவற்றில் ஒன்று. வயதைக் கேட்பதை விட்டு, கட்டுமானத்தில் அது எதைப் புதிதாகச் செய்தது என்று கேட்கும் விதியை அரசு இப்போதே எழுத வேண்டும்.