ஓர் எஞ்சின், இரண்டு பாட்டரிகள்
மீன்பிடி படகில் மின்சாரத்தைச் சேமித்த வரலாறு

கரையிலிருந்து பத்துக் கல் தொலைவில் வலை விரித்து நிற்கும் ஒரு படகைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். எஞ்சின் நிறுத்தப்பட்டிருக்கிறது. விளக்குகளும், வானொலிக் கருவியும், மீன் கூட்டத்தைக் காட்டும் கருவியும் இரவு முழுவதும் பாட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுத்துக் கொள்கின்றன. விடியும் வேளையில் எஞ்சினைக் கிளப்பச் சாவியைத் திருப்பினால், 'டக்' என்ற ஓசையோடு எல்லாம் அடங்கி விடுகிறது. தரையில் நிற்கும் காரை நாலு பேர் சேர்ந்து தள்ளிக் கிளப்பி விடலாம். கடலில் தள்ளுவதற்கு யார் இருக்கிறார்கள்?

இதற்கு வழி எளியது போலத் தோன்றும். எஞ்சினைக் கிளப்ப ஒரு பாட்டரி, மற்ற வேலைகளுக்கு ஒரு பாட்டரி என இரண்டு வைத்துக் கொண்டால் போதுமே! ஆனால் ஒரே எஞ்சினைக் கொண்டு இரண்டுக்கும் மின்னேற்றம் செய்வது எப்படி? இக்கேள்விக்கு விடை கிடைத்த வரலாறு சுவையானது.

ஈயத் தகடுகளின் கதை

படகில் மின்சாரம் ஏறியது மிக முன்னதாகவே. 1838-இல் ரஷ்யாவின் நேவா ஆற்றில் மோரிட்ஸ் யாக்கோபி என்பவர் மின் மோட்டாரால் ஒரு படகைச் செலுத்தினார். அவர் பயன்படுத்தியவை முதன்மை மின்கலங்கள். அவற்றில் துத்தநாகம் கரைந்து தீர்ந்தால் மின்சாரமும் தீர்ந்தது. அடுப்பில் விறகு எரிந்து சாம்பலாவது போலத்தான் இதுவும்; சாம்பலை மீண்டும் விறகாக்க இயலாது.

சாம்பலை விறகாக்கும் வித்தையை 1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே கண்டார். இரண்டு ஈயத் தகடுகளை, ஒன்றையொன்று தொடாமல் இடையே ரப்பர்ப் பட்டைகள் வைத்துச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். அதனுள் மின்சாரத்தைச் செலுத்தினால் சேமித்துக் கொண்டது. வேண்டும்போது திருப்பித் தந்தது. அதற்கு மின்னேற்றம் செய்ய நல்ல டைனமோ அப்போது இல்லை. முதன்மை மின்கலங்களைக் கொண்டே மின்னேற்ற வேண்டியிருந்தது. 1881-இல் கமீல் ஃபோர் ஈய ஆக்சைடுப் பசையைத் தகட்டில் பூசும் முறையைக் கொண்டு வந்த பின்னரே, இது தொழிற்சாலையில் பெருமளவில் செய்யத்தக்க பொருளாயிற்று.

உள்ளே நடப்பதை 1882-இல் கிளாட்ஸ்டன், டிரைப் என்னும் இருவர் விளக்கினர். மின்னிறக்கத்தின்போது இரு தகடுகளின் மேலும் ஈய சல்ஃபேட் படிகிறது. அமிலத்தின் செறிவு குறைகிறது. மின்னேற்றும்போது இவ்வினை எதிர்த்திசையில் நடந்து, ஒரு தகடு ஈயமாகவும் மற்றது ஈய டை ஆக்சைடாகவும் மாறுகின்றன. அந்த ஆண்டிலேயே லண்டனின் தேம்ஸ் ஆற்றில் இத்தகைய பாட்டரிகளைச் சுமந்த 'எலெக்ட்ரிசிட்டி' என்னும் படகு ஓடியது. ஆனால் பாட்டரி தீர்ந்தால் அதுவும் கரைக்குத் திரும்பித்தான் மின்னேற்றம் பெற வேண்டும்.

எஞ்சினோடு சேர்ந்த பாட்டரி

1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் இடம் பெற்றது. எஞ்சினைக் கிளப்புவது பாட்டரி. கிளம்பிய எஞ்சின் டைனமோவைச் சுழற்றிப் பாட்டரியை நிரப்பும். இந்த ஏற்பாடு படகுகளுக்கும் வந்தது. பிறகு கருவிகள் பெருகின. 1948-இல் ஜப்பானின் நாகசாக்கிப் பகுதியில் ஃபுருனோ சகோதரர்கள் மீயொலி அலைகளைக் கொண்டு மீன் கூட்டத்தைக் காட்டும் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தனர். மீனவருக்கு அது மூன்றாவது கண். பாட்டரிக்கோ இன்னொரு சுமை.

இரண்டு பாட்டரிகளை நேராக இணைத்தால் என்ன? எண்களால் பார்ப்போம். நிரம்பிய 12 வோல்ட் பாட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.7 வோல்ட் காட்டும். இரவெல்லாம் உழைத்துக் களைத்தது 11.9 வோல்ட் காட்டுவதாகக் கொள்வோம். வேறுபாடு 0.8 வோல்ட். இரு பாட்டரிகளின் அகத்தடையும் கம்பிகளின் தடையும் சேர்ந்து 0.04 ஓம் என்றால், ஓமின் விதிப்படி தொடக்கத்தில் 20 ஆம்பியர் மின்னோட்டம் நிரம்பியதிலிருந்து களைத்ததற்குப் பாயும். இணைத்த இரு தொட்டிகளில் நீர்மட்டம் சமமாவது போல, எஞ்சினுக்கென்று காத்து வைத்த மின்சாரமும் விளக்குக்குப் போய்விடும். இரண்டு பாட்டரிகள் இருந்தும் இல்லாத நிலைதான்.

எனவே கையால் திருப்பும் தேர்வுச் சுவிட்ச் வந்தது. முதல் பாட்டரி, இரண்டாம் பாட்டரி, இரண்டும், நிறுத்தம் என அதில் நான்கு நிலைகள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் தூக்கமும் குளிரும் நிறைந்த இரவில் மனிதன் மறந்து போவான். 'இரண்டும்' என்ற நிலையில் விட்டுவிட்டால் இரண்டுமே வடிந்துவிடும்.

ஒருவழிக் கதவு

நமக்கு வேண்டியது, மின்சாரம் உள்ளே வரலாம், திரும்பிப் போகக்கூடாது என்னும் கதவு. கிணற்றுப் பம்பு செட்டின் ஃபுட் வால்வை நினைத்துக் கொள்ளுங்கள். நீரை மேலே விடும். கீழே இறங்க விடாது. மின்னோட்டத்துக்கு இவ்வேலையைச் செய்வது டையோடு. 1940-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் சிலிக்கான் துண்டொன்றில் பி-என் சந்தியைக் கண்டறிந்தார். பின்னர் பெருமளவு மின்னோட்டத்தைத் தாங்கும் சிலிக்கான் டையோடுகள் உருவாயின. அவற்றின் துணையால் 1960 முதல் கார்களில் டைனமோவின் இடத்தை ஆல்டர்னேட்டர் பிடிக்கத் தொடங்கியது. எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் அது போதிய மின்சாரம் தரும்.

ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் கம்பியை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையிலும் ஒரு டையோடை வைத்தால், இரு பாட்டரிகளும் நிரம்பும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்சாரம் கசியாது. யாரும் எதையும் திருப்ப வேண்டியதில்லை.

0.7 வோல்ட் வரி

ஆனால் இக்கதவு சும்மா திறப்பதில்லை. சிலிக்கான் டையோடைக் கடக்கும்போது ஏறக்குறைய 0.7 வோல்ட் அழுத்தம் இழப்பாகிறது. ஆல்டர்னேட்டர் 14.4 வோல்ட் தந்தால் பாட்டரிக்குக் கிடைப்பது 13.7 மட்டுமே. அவ்வளவில் பாட்டரி முழுதும் நிரம்ப நெடுநேரம் ஆகும். நிரம்பாமலே நாள்தோறும் பயன்பட்டால், ஈய சல்ஃபேட் கெட்டிப் படிகங்களாக இறுகி, பின்னர் மின்னேற்றத்துக்கு மசியாது. பாட்டரியின் ஆயுள் பாதியிலேயே முடியும். இதற்கு மாற்றாக, அழுத்தத்தை அளக்கும் கம்பியைப் பாட்டரி முனையிலேயே இணைத்து, இழப்பை ஆல்டர்னேட்டரே ஈடு செய்யும்படி அமைக்கலாம்.

இன்னொரு வழி, அழுத்தம் உணரும் ரிலே. எஞ்சின் ஓடி, கிளப்பும் பாட்டரியின் அழுத்தம் சுமார் 13.3 வோல்ட்டைத் தாண்டியதும் அது இரு பாட்டரிகளையும் இணைக்கும். எஞ்சின் நின்று, அழுத்தம் சுமார் 12.8-க்குக் கீழே இறங்கியதும் பிரித்துவிடும். முதலில் கிளப்பும் பாட்டரி, பிறகுதான் விளக்குப் பாட்டரி என்பது இதன் நியதி.

பாட்டரிகளிலும் வகையுண்டு என்பதை மறக்கலாகாது. கிளப்பும் பாட்டரியில் மெல்லிய தகடுகள் பல இருக்கும். சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரும். விளக்குப் பாட்டரிக்குத் தடித்த தகடுகள் வேண்டும். அதுதான் நெடுநேரம் வடிந்து மீண்டும் நிரம்புவதைத் தாங்கும். ஒன்றை மற்றதன் வேலையில் போட்டால் விரைவில் கெடும்.

மின்னேற்றத்தின் இறுதிக் கட்டத்தில் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு தீப்பொறி போதும். ஆகவே பாட்டரிப் பெட்டிக்குக் காற்றோட்டம் தேவை. கடல்நீர் உட்புகுந்தாலோ நச்சு வாயுவாகிய குளோரின் தோன்றக்கூடும். ஆதலால் பெட்டி படகின் அடியில் நீர் தேங்கும் இடத்துக்கு மேலே, அசையாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். கடலுக்குப் புறப்படும் முன் ஒரு வோல்ட் மீட்டரால் இரு பாட்டரிகளையும் தனித்தனியே அளந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கிளப்பும் பாட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், அதை நிரப்பிய பிறகே நங்கூரத்தை எடுப்பது நல்லது.