மரைக்காயர், மெரிக்கன், மரிக்கார்: ஒரு பெயரைத் தேடி

எல்லாப் புகழும் இறைவனுக்கே.

பொன்விழாவை ஒட்டி நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைத் திருத்தி எழுத உட்கார்ந்தோம். பெயர்களே பெரிய வேலையாகிவிட்டன. ஓர் அத்தாவின் இரண்டு மக்களில் ஒருவருடைய அடையாளக் கார்டில் 'முகமது' என்றும் மற்றவருடைய கார்டில் 'மொஹமட்' என்றும் இருக்கிறது. ஒருவருடைய பெயரின் முடிவில் 'மெரிக்கன்' இருக்கிறது. அவருடைய சாச்சா பிள்ளைகளுக்கு அது இல்லை. "பினாங்கு மெரிக்கன்களும் நாமும் ஒரே குடும்பமா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விடை தேடியதில் நாம் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

பெயரின் பொருள்

தமிழ் முஸ்லிம்களிடையே மரைக்காயர், ராவுத்தர், லெப்பை என்ற பட்டப்பெயர்கள் நெடுநாளாக வழங்குகின்றன. ராவுத்தர் என்றால் குதிரை வீரர். லெப்பை என்ற சொல் மார்க்கக் கல்வியோடும் ஓதிக்கொடுக்கும் பணியோடும் சேர்ந்து வந்தது. மரைக்காயர் என்பது கடலோடு சேர்ந்த பெயர். நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை, காயல்பட்டினம், கீழக்கரை என்று கடற்கரை ஊர்களில்தான் இந்தப் பெயர் நிறைந்திருக்கிறது.

இச்சொல் எப்படிப் பிறந்தது என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. மரக்கலம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒன்று. மர்கப் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பில் இரண்டாவது கருத்துக்கு ஒரு கதையும் உண்டு. கரையிறங்கிய அரபியரை "நீங்கள் யார்?" என்று ஊரார் கேட்டார்களாம். அவர்கள் தம் மரக்கலத்தைக் காட்டி "மர்கப்" என்றார்களாம். கதை எப்படியானாலும் இரு கருத்துகளும் கப்பலில்தான் போய்ச் சேருகின்றன. ஆகவே இது ஒரு தொழிலையும் அதனால் வந்த மதிப்பையும் குறித்த பட்டம். ஒரே பாட்டனார் வழிவந்த குடும்பத்தின் பெயர் அன்று.

வரலாறும் இதையே காட்டுகிறது. கோழிக்கோட்டு சாமூத்திரி மன்னரின் கடற்படைத் தலைவர்களாக இருந்து போர்த்துகீசியரை எதிர்த்த குஞ்ஞாலி மரைக்காயர்கள் நால்வர். நான்காமவர் 1600ல் கோவாவில் கொல்லப்பட்டார். கீழக்கரையின் வள்ளல் சீதக்காதி, அதாவது பெரியதம்பி மரைக்காயர், 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெருவணிகர். டச்சுக் கம்பெனியின் ஆவணங்களிலும் அவர் பெயர் வருகிறது. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட அவர் துணை நின்றார். அவருக்குப் பின் அப்பணியை ஆதரித்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். கொழும்பில் 1877ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். இவர்களுக்குப் பொதுவாக இருந்தது பட்டம். அதைக்கொண்டு இவர்கள் ஒருவருக்கொருவர் உறவு என்று சொல்லிவிட முடியாது.

எழுத்தர் கையில் மாறிய பெயர்

மலையாளக் கரையில் மரக்கார், இலங்கையில் மரிக்கார், பினாங்கில் மெரிக்கன் என்று பெயர் மாறியதற்குக் காரணம் எளிது. பதிவு செய்தவர் தம் காதுக்கு எட்டியபடி எழுதினார். பெயருக்குரியவர் அதை வாசித்துத் திருத்தும் நிலையில் பெரும்பாலும் இல்லை. ஒரு முறை பதிந்தது அடுத்த தலைமுறைக்கு உரிய பெயராகிவிட்டது.

சில குடும்பங்களில் பட்டம் மறைந்தும் போனது. மறைந்த இந்தியக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் இராமேசுவரத்தில் மரைக்காயர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையார் ஜைனுலாபிதீன் படகு வைத்திருந்தவர். ஆனால் கலாமின் பெயரில் மரைக்காயர் இல்லை. முன்னோர் பெயர்கள் தலைப்பெழுத்துகளாக நின்றன, பட்டம் நின்றுவிட்டது. நம் நாட்டிலோ நாடகக் கலைஞர் ஃபரிதா மெரிக்கன் போன்றோரிடம் பட்டமே குடும்பப் பெயராக நிலைத்திருக்கிறது. ஆகவே பெயரில் மெரிக்கன் இருப்பதை மட்டும் வைத்து உறவு என்றும் சொல்ல முடியாது. இல்லாததை வைத்து உறவில்லை என்றும் சொல்ல முடியாது.

பினாங்கில் பெயர் உள்ளோரும் இல்லாதோரும்

1786ல் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட், 1794ல் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் சோழமண்டலக் கரையாரைக் குறிப்பிடுகிறார். ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வருகிறார்கள், வியாபாரமும் கூலி வேலையும் செய்து சிறிது பணம் சேர்த்துக்கொண்டு திரும்புகிறார்கள், அவர்கள் இடத்துக்கு வேறு சிலர் வருகிறார்கள் என்கிறார். அத்தனை பேரில் ஒருவருடைய பெயரும் அங்கே இல்லை.

அதே பினாங்கில் கப்பித்தான் கிளிங் ஆக இருந்த காதர் முகைதீன் மெரிக்கனின் பெயர் 200 ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது. 1801ல் பள்ளிவாசலுக்காகக் கம்பெனி 18 ஏக்கர் நிலம் வழங்கியது. நில ஆவணம், வக்ஃபு, மரண சாசனம், வழக்குப் பதிவு என்று காகிதங்கள் இருந்ததால் ஆய்வாளர்களால் அந்தச் சமுதாயத்தின் கதையை எழுத முடிந்தது. பினாங்கு சூலியாக்கள் பற்றி கூ சல்மா நசுத்தியோன் 2014ல் வெளியிட்ட பெருநூல் இத்தகைய ஆவணங்களைக் கொண்டு எழுதப்பட்டதே. தமிழகத்தில் டாக்டர் எஸ். எம். கமாலின் 'முஸ்லீம்களும் தமிழகமும்', ஜெ. ராஜா முகமது ஆங்கிலத்தில் எழுதிய சோழமண்டலக் கரை முஸ்லிம்களின் கடல்சார் வரலாறு ஆகியவையும் நமக்கு வழிகாட்டுகின்றன. இந்நூல்கள் நம் சங்க நூலகத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆவணங்களில் பெயரோடு நிற்பவர்கள் பெரும்பாலும் நிலமும் கப்பலும் உடையவர்கள். மூட்டை சுமந்தவர், தோணி வலித்தவர், தெருவில் கூடை தூக்கி விற்றவர் எல்லாம் லைட் எழுதிய கடிதத்தில் வரும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறார்கள்.

ஈப்போவும் குனோங் ராபாட்டும்

கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் பெருகியபோது நம்மவர் பினாங்கிலிருந்தும் ஊரிலிருந்தும் இங்கு வந்தார்கள். ஈப்போ திடலருகே 1908ல் ஷேக் ஆதம் என்ற வணிகர் கட்டிய இந்திய முஸ்லிம் பள்ளிவாசல் அந்தக் காலத்தின் சான்று. அங்கும் கட்டியவருடைய பெயர் தெரிகிறது. வெள்ளிதோறும் அங்கு தொழுதுவிட்டுக் கடைக்கும் தோட்டத்துக்கும் திரும்பியவர்களின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்?

அவர்களில் பலருக்கு 1948ல்தான் கையில் ஒரு கார்டு கிடைத்தது. அவசரகாலத்தில் 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் படத்தோடும் கைரேகையோடும் பதிவு செய்யப்பட்டார்கள். அந்த நாளில் எழுதுபவர் எப்படி எழுதினாரோ அதுவே பெயராயிற்று. 'மைதீன்' ஒருவருக்கு 'முகைதீன்' ஆனது. ஒருவருக்கு ராவுத்தர் ஒட்டிக்கொண்டது, இன்னொருவருக்கு விட்டுப்போனது.

இதன் விளைவு இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. அத்தா மவுத்தானபின் ஃபராயிள் முறைப்படி சொத்தைப் பிரிக்கப் போனால், பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயரும் நிலப்பட்டாவில் வேறு பெயரும் நிற்கின்றன. இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க மகன் அலைகிறார். சாட்சி சொல்லக்கூடிய பெரியவர்களோ ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நம் கையில் உள்ள வேலை

ஆகவே "பினாங்கு மெரிக்கன்கள் நமக்குச் சொந்தமா?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெயர் அதைச் சொல்லாது. ஊர், தெரு, பாட்டனார் பெயர், வந்த ஆண்டு, வந்த கப்பல் இவையே சொல்லும். மரைக்காயர், ராவுத்தர், லெப்பை என்ற பட்டங்களில் உயர்வு தாழ்வும் இல்லை. தொழுகை வரிசையில் நாம் தோளோடு தோள் நிற்பவர்கள்.

பெரியவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். அத்தாவின் பெயரை அவர் சொன்னபடி தமிழில் ஒரு முறை, கார்டில் உள்ளபடி ஒரு முறை எழுதுவோம். அம்மா, பாட்டியின் பெயர்களையும் எழுதுவோம். பழைய பட்டியல்களில் பெண்களின் பெயர்கள் விட்டுப்போயிருக்கின்றன. பழைய பாஸ்போர்ட், 'ரஜூலா' கப்பல் டிக்கெட், ஊர்க் கடிதம், நிக்காஹ் பதிவு எது இருந்தாலும் படம் எடுத்துச் சங்கத்தில் ஒரு பிரதி கொடுப்போம். மையவாடியில் மழையில் எழுத்து தேய்ந்த மீஸான் கற்களையும் படித்துக் குறிப்போம்.

லைட் எண்ணிக்கையை எழுதினார். பெயர்களை எழுதும் பொறுப்பு நம்முடையது. சங்கத்தின் நூற்றாண்டு மலரைத் தொகுக்கப்போகும் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் அமானிதம் அது. நமக்கு முன் சென்றோர் அனைவரையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக, ஆமீன்.