போர் நூல்களில் சிப்பாயின் முகம்

வகுப்பறையில் நாம் தளபதிகளின் பெயர்களையும் வெற்றி பெற்ற ஆண்டுகளையுமே பெரும்பாலும் கற்பிக்கின்றோம். களத்தில் நின்ற சிப்பாயைக் காண விரும்புவோர் இரு நூல்களை வாசித்தல் வேண்டும்.

முதலாவது, ஜோன் கீகன் 1976இல் எழுதிய 'சமரின் முகம்'. சான்ட்ஹேர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் கற்பித்த அவர், தாம் எந்தச் சமரையும் நேரிற் கண்டதில்லை என்ற ஒப்புதலுடனேயே தொடங்குகின்றார். 1916 ஜூலை 1இல், சோம் களத்தில் ஒரே நாளில் 19,000இற்கும் அதிகமான பிரித்தானியப் படையினர் மாண்டனர். அவர்களை முன்னேறச் செய்தது எது என்று அவர் ஆராய்கின்றார்.

மற்றையது, ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச்சின் 'போருக்குப் பெண்முகம் இல்லை' (1985). இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற சோவியத் பெண்களின் வாய்மொழி அது. தணிக்கையில் வெட்டுண்ட பகுதிகளை அவர் பின்னர் மீளச் சேர்த்தார்.

இவற்றை வாசித்த பின், "வென்றவர் யார்?" என்பதோடு, "மாண்டவர் எத்தனை பேர்?" என்றும் மாணவரிடம் கேட்கின்றேன்.