சிதம்பரநாத முதலியார், டி. கே. (ரசிகமணி)

டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) தமிழ் இலக்கியத் திறனாய்வாளர், பதிப்பாசிரியர், சட்டமன்ற உறுப்பினர். டி.கே.சி. என்றும் ரசிகமணி என்றும் அறியப்பட்டவர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே இலஞ்சி, மேலகரம் முதலிய ஊர்கள் அமைந்த சிற்றாற்றுப் பகுதி இவருடையது. இலஞ்சி முருகன் திருப்புகழ் பெற்றவர்; மேலகரம் குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர்.

சட்டம் படித்துத் திருநெல்வேலியில் வழக்கறிஞரானார். மனமோ பாட்டிலேயே கிடந்தது. 1927 முதல் 1930 வரை சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினராகவும், பின் 1935 வரை இந்து அறநிலைய ஆணையராகவும் இருந்தார். அவருடைய பெயர் நிலைத்ததற்குக் காரணம் இந்தப் பதவிகள் அல்ல.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இவர் வீட்டுத் தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடிக் கவிதை பேசியதே 'வட்டத்தொட்டி'. ஒரு செய்யுளை எடுத்து, நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் தாளத்திலிருந்தே பொருளை வெளிக்கொணர்வது டி.கே.சி.யின் முறை. உரையாசிரியர்களின் இலக்கணக் குறிப்புகளோடு நின்றுவிட்ட புலவர்களுக்கு இது விளையாட்டாகப் பட்டது. பாட்டைக் கண்டு ஒதுங்கியிருந்த படித்த வாசகர்களுக்கோ இதுவே வாசல். ராஜாஜியும் கல்கியும் இவருடைய நெருங்கிய நண்பர்கள். அ. சீநிவாசராகவன், தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி எஸ். மகராஜன் ஆகியோர் இவருடைய வட்டத்தில் வளர்ந்தவர்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் புகழைப் பரப்பியதிலும், 1940களின் தமிழிசை இயக்கத்திலும் இவருக்குப் பங்குண்டு.

'இதய ஒலி', 'கம்பர் யார்?', முத்தொள்ளாயிர உரை ஆகியவை இவர் எழுதியவை. பெரிய முயற்சி 'கம்பர் தரும் ராமாயணம்'. கம்பராமாயணத்தின் பெரும்பகுதி இடைச்செருகல் என்று கருதிய டி.கே.சி., தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களை விலக்கினார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். ஏட்டுச் சான்றைக் கேட்டவர்களுக்கு அவர் காட்டியது தம் ரசனையை. பதிப்பு நெறிப்படி இதை ஏற்க முடியாது. புலவர்கள் எதிர்த்ததில் நியாயம் உண்டு. ஆனால் கம்பனைப் பண்டிதர் அறையிலிருந்து பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர்களுள் இவர் முன்னவர் என்பதை எதிர்த்தவர்களும் மறுக்க இயலாது.

பிற்காலத்தில் குற்றாலத்தில் தங்கினார். வட்டத்தொட்டியும் அங்கே தொடர்ந்தது. விருந்தினர் வந்துகொண்டே இருந்தனர். வராதவர்களுக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதங்கள் பின்னர் நூலாயின; கட்டுரைகளைவிட அவற்றிலேயே அவருடைய பேச்சுத் தமிழ் இயல்பாக ஓடுகிறது. 1954 பிப்ரவரி 16 அன்று காலமானார்.