வீடு முதலா, குணம் முதலா?

மனநோயுற்றவர் முதலில் தெளிவடையட்டும், அதன்பின் அவருக்கு வீடு தேடுவோம் என்பது மருத்துவ ஸ்தாபனங்களிலும் குடும்பங்களிலும் நெடுங்காலமாக நிலவிவரும் அபிப்பிராயம். இந்தக் கிரமமே பிழையானது என்பதும், வீடானது குணமடைந்தமைக்கு அளிக்கும் வெகுமதியும் அன்று, நோய் தீர்க்கும் ஔஷதமும் அன்று, பிரஜையின் வாழ்வுக்கு ஆதாரமே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

1992இல் நியூயார்க் நகரில் உளவியலறிஞர் சாம் செம்பெரிஸ், தெருவில் உழன்ற மனநோயாளருக்கு, மருந்துண்ண வேண்டும், மதுவை விட வேண்டும் என்ற நிபந்தனை எதனையும் விதியாமல், அவர்களை நேரே வாடகை வீட்டில் குடியேற்றி, உதவிக்குழுவினரை அங்கேயே அனுப்பிவைக்கும் முறையைத் தொடங்கினார். கனடா தேசம் இம்முறையை 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடையே பரீட்சித்தது. வீடு பெற்றோர் ஏனையோரைவிட மிக உறுதியாகக் குடியிருப்பில் நிலைத்தனர். ஆயினும் நோய்க்குறிகள் இரு சாராரிடத்தும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் தணிந்தன. இதனை அம்முறையின் தோல்வியென்பார் உளர். நிபந்தனையின்றிக் குடியமர்த்தியதால் நோய் முற்றிவிடவில்லை என்பதே நாம் இதிலிருந்து கொள்ளத்தக்கது. அங்ஙனமாயின், தெளிவடையும்வரை வீட்டை மறுப்பதற்கு நியாயம் ஏது?

மருத்துவமனையிலிருந்து வெறும் விடுதலை மட்டும் போதாது என்பதற்கும் சரித்திரம் சாட்சி. 1955இல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேர் இருந்தனர். பின்வந்த தசாப்தங்களில் அவை காலியாக்கப்பட்டபோது, வெளியே வீடும் சிகிச்சையும் போதிய அளவில் ஏற்பாடாகாமையால், பலர் தெருவையும் சிறையையும் சென்றடைந்தனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றில் மூண்ட தீயில், சங்கிலியால் பிணிக்கப்பட்டுத் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டதோ, நம் நாட்டில் வேறு புகலிடம் இல்லாமையின் கோரத்தைக் காட்டிற்று.

குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணங்களால் மட்டும் எவரையும் மனநல நிலையத்தில் வைத்திருத்தலாகாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு விதிக்கிறது. இடைநிலை இல்லங்களும் குழு இல்லங்களும் அமைய வழிசெய்யும் கடமையை அரசின்மீதே சுமத்துகிறது. 1993இல் சென்னையில் தோன்றிய ‘தி பான்யன்’ அமைப்பு, 2015 முதல், பல்லாண்டுகள் காப்பகத்திலேயே கழித்தவர்களைச் சிலர் சிலராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியமர்த்தி, தேவைக்கேற்பத் துணைப்பணியாளரையும் உடனிருத்தி வருகிறது. சமையலும் கடைவீதியும் அண்டை வீட்டாரும் அவர்கள் அன்றாட வாழ்வில் மீண்டும் இடம்பெறுகின்றனர்.

ஆகவே, வாடகையை ஒரு திட்டத்திலும் துணையை வேறொரு திட்டத்திலும் பிரித்து வையாமல், இரண்டையும் ஒருசேர, ஆண்டுதோறும் தொடரும் செலவினமாக அரசு ஏற்கவேண்டும். அது தர்மமன்று, சட்டம் ஏற்கெனவே விதித்துள்ள கடமை.