ஓய்வுபெற்ற பந்தயக் குதிரையும் நச்சுமுறி மருந்தும்: கிண்டியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பந்தயக் குதிரையின் பிறப்பும் ஓட்டமும் நுணுக்கமாகப் பதிவு செய்யப்படுகின்றன. ஓட்டம் முடிந்தபின் அதன் வாழ்வு ஆவணங்களிலிருந்து மறைந்துவிடுகிறது. அவ்வாறு மறைந்த குதிரை மீண்டும் பதிவேட்டுக்குள் வரும் இடங்களுள் முதன்மையானது ஊநீர் தயாரிப்பு நிலையம் என்பதையும், அதன்வழிப் பந்தய வரலாறு இந்தியப் பொதுநல மருத்துவ வரலாற்றோடு பிணைந்து கிடக்கிறது என்பதையும் இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பந்தயக் குதிரை, கிண்டி, ஊநீர், நச்சுமுறி மருந்து, இருளர், விலங்கு வதைத் தடுப்புச் சட்டம்.

முன்னுரை

திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளில் பழைய பித்தளைக்கு எடைக்கணக்கு உண்டு. ஓட்டை விழுந்த குடமும் நசுங்கிய அண்டாவும் நிறுத்து விலை பேசப்பட்டு, உருக்கப்பட்டு, வேறொரு பாத்திரமாக வீடு திரும்பும். பயன் முடிந்த பொருள் எங்கே போயிற்று என்று கேட்டால் பட்டறைக்காரர் விடை சொல்வார். பல இலட்சம் ரூபாய்க்கு ஏலம் போன பந்தயக் குதிரையைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டால் விடை அத்தனை எளிதாகக் கிடைப்பதில்லை. இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாக அமைந்தது அந்த வேறுபாடே.

பந்தயக் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்குகிறது. பெரும்பாலானவற்றின் ஓட்டம் ஆறேழு வயதிற்குள் முடிந்துவிடும். குதிரையின் இயல்பான ஆயுளோ இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டுகள். ஆகவே, அதன் வாழ்நாளில் பெரும்பகுதி திடலுக்கு வெளியே கழிய வேண்டியது. வரலாற்றாசிரியர்கள் எழுதியிருப்பதோ எஞ்சிய சிறுபகுதியைப் பற்றியே.

கிண்டியின் பதிவுகள்

கிண்டியில் 1777 முதல் குதிரைப் பந்தயம் நடந்துவந்தது. 1896இல் சென்னைப் பந்தயக் கழகம் அமைந்தது. 1946இல் அது நிறுமமாகப் பதிவாயிற்று. 1945இல் ஏறத்தாழ 160 ஏக்கர் நிலம் ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா குத்தகையில், 99 ஆண்டுகளுக்கு அக்கழகத்திற்கு அளிக்கப்பட்டது. கோடையில் பந்தயம் உதகைக்கு மாறுவதும், குதிரைகள் மலையேறி இறங்குவதும் நெடுநாள் வழக்கமாக இருந்தன.

குதிரையைப் பற்றிய பதிவுகளும் இவ்வாறே துல்லியமானவை. தாய், தந்தை, நிறம், நெற்றிச் சுட்டி, பிறந்த நாள் ஆகியவை இனப் பதிவேட்டில் ஏறும். பெயர்கூட உரோமன் எழுத்தில் 18 எழுத்துகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. ஓடிய தூரம், சுமந்த எடை, எடுத்த நேரம் அனைத்தும் அச்சேறும். வென்ற பெட்டைக் குதிரையும் பொலிகுதிரையும் இனப்பெருக்கப் பண்ணைக்குச் செல்வதால் அவற்றின் பெயர் குட்டிகளின் வழியாகப் பதிவேட்டில் நீடிக்கிறது. காயடிக்கப்பட்ட ஆண்குதிரைக்கு அந்த வழியும் இல்லை. வெல்லாத குதிரைக்குப் பெரும்பாலும் இல்லை. பணமாக இருந்தவரை பெயராக இருந்தது, பின்னர் வெறும் குதிரையாயிற்று என்றே சொல்லத் தோன்றுகிறது.

படைக் குதிரை எனும் முன்மாதிரி

ஓய்வுபெற்ற குதிரையை என்ன செய்வது என்ற சிக்கலைப் பந்தயக் கழகங்களுக்கு முன்பே சந்தித்தது படை. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸிலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கிய 'வேலர்' குதிரைகள் படைக்கும் வண்டிக்கும் பந்தயத்திற்கும் பிரிந்து சென்றன. படைக்கு உதவாதெனத் தள்ளப்பட்ட குதிரை ஏலத்திற்கு வரும் அல்லது சுட்டுக் கொல்லப்படும். இதன் விளைவைப் பொதுமக்கள் கண்ணுக்குக் கொண்டுவந்தவர் டோரதி புரூக் எனும் ஆங்கிலேயப் பெண்மணி. முதல் உலகப் போரில் ஈடுபட்டு எகிப்தில் விற்கப்பட்ட படைக்குதிரைகள் கெய்ரோத் தெருக்களில் எலும்பும் தோலுமாக வண்டியிழுப்பதை அவர் 1930இல் கண்டார். நன்கொடை திரட்டி அவற்றை விலைக்கு வாங்கினார். 1934இல் அங்கே ஒரு குதிரை மருத்துவமனையை நிறுவினார். அவர் வாங்கிய குதிரைகளில் பல கருணைக்கொலைக்கே உரியனவாக இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழகத்தில் வண்டிக்கும் சவாரிக்கும் சென்ற குதிரைகளின் கதை பெரும்பாலும் வாய்மொழியாகவே நிற்கிறது. ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் அந்தியூர்க் குதிரைச் சந்தை, உதகையின் சுற்றுலாச் சவாரி, மெரினாக் கடற்கரைச் சவாரி ஆகியவற்றில் காணப்படுபவை மிகுதியும் நாட்டுக் குதிரைகளும் மட்டக் குதிரைகளுமே. அவற்றினிடையே திடலிலிருந்து வந்த உயரமான குதிரையை அறிந்தவர் கண்டுகொள்வர்.

ஊநீர் நிலையம்

ஓய்வுபெற்ற குதிரைக்கு முற்றிலும் புதியதொரு பயனை உண்டாக்கியது 1890களின் மருத்துவ அறிவியல். 1890இல் பெரிங்கும் கிடசாட்டோவும் ஊநீர் மருத்துவத்தின் அடிப்படையை வெளியிட்டனர். 1890களின் நடுவில் பிரெஞ்சு அறிவியலாளர் ஆல்பர்ட் கால்மெட் பாம்பு நஞ்சுக்கு எதிரான ஊநீரை உருவாக்கினார். முறை இதுவே: குதிரைக்கு நஞ்சு மிகச் சிறிய அளவில் செலுத்தப்பட்டு, மாதக் கணக்கில் படிப்படியாகக் கூட்டப்படும், அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உருவானபின் இரத்தம் எடுக்கப்பட்டு, அவை பிரித்துத் தூய்மையாக்கப்படும். பேருடலும் மிகுந்த இரத்தமும் மனிதரோடு பழகிய குணமும் கொண்ட விலங்கே இதற்கு வேண்டும். ஓட முடியாத காலும் இப்பணிக்குத் தடையில்லை.

இத்தகைய குதிரைகளுள் வரலாற்றில் பெயர் நின்றது ஒன்று உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பால்வண்டி இழுத்து ஓய்வுபெற்ற 'ஜிம்' தொண்டை அடைப்பான் நோய்க்கான ஊநீர் தந்துவந்தது. 1901இல் அதற்கு இசிவு நோய் கண்டது அறியப்படாமல், அதன் ஊநீர் பெற்ற 13 குழந்தைகள் இறந்தனர். உயிரியல் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் அமெரிக்கச் சட்டம் 1902இல் பிறந்ததற்கு இந்நிகழ்வு ஒரு காரணம். குதிரையின் உடல்நலமும் நோயாளியின் உயிரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இந்தியாவில் பந்தயத்திற்கும் ஊநீருக்கும் இடையிலான பிணைப்பைப் புனேயில் நேராகவே காணலாம். பூனாவாலா குடும்பத்தின் பந்தயக் குதிரைப் பண்ணையிலிருந்து ஓய்வுபெற்ற குதிரைகள் மும்பையின் ஹாஃப்கின் நிலையத்திற்கு ஊநீர் தயாரிப்புக்காகச் சென்றுகொண்டிருந்தன. நம் குதிரையைக் கொண்டு நாமே மருந்து செய்யலாமே என்ற எண்ணத்தில் சைரஸ் பூனாவாலா 1966இல் இந்திய சீரம் நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்கக்காலத் தயாரிப்பு இசிவு நோய்க்கான ஊநீர். பின்னாளில் உலகிலேயே மிகுதியான தடுப்பூசிகளை உற்பத்தி செய்யும் நிறுவனமாக அது வளர்ந்தது. பெயரில் நிற்கும் 'சீரம்' என்ற சொல் அந்தத் தொடக்கத்தின் எச்சம்.

சென்னையில் இப்பணி அரசிடம் இருந்தது. 1899இல் கிண்டியில் நிறுவப்பட்டு, சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஜி. கிங் பெயரைத் தாங்கிய கிங் நிலையம், முதலில் அம்மைப்பால் தயாரித்தது. பின்னாளில் குதிரைகளைக் கொண்டு நச்சுமுறி மருந்தும் தயாரித்தது. பந்தயத் திடலும் ஊநீர் லாயமும் ஒரே கிண்டியில் இருந்தன. ஒரு பதிவேட்டில் பெயர், மற்றொன்றில் எண். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது சென்னை நகர வரலாற்றாய்வாளர் மேற்கொள்ள வேண்டிய பணி.

மருந்துக்கு நஞ்சு வேண்டும். பாம்புத்தோல் வணிகம் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் முடிவுக்கு வந்தபின் வாழ்வாதாரம் இழந்த இருளர்கள், 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து அவர்கள் மருந்து நிறுவனங்களுக்கு வழங்கிவருகின்றனர். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. அவிநாசி, காங்கேயம் வட்டாரப் புன்செய்க் காட்டில் விரியன் கடித்த ஒருவர் அரசு மருத்துவமனையில் பிழைத்தெழுந்தால், அந்த உயிருக்குப் பின்னால் நிற்பது இருளர் கையும் குதிரை இரத்தமும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்ததாக ஆய்வு மதிப்பிட்டுள்ளது. ஆகவே ஊநீர்க் குதிரையை வேண்டாமென்று சொல்லிவிடும் நிலையில் நாம் இல்லை.

சட்டத்தின் பார்வையில்

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் நிறைவேறியதற்கு அடித்தளமிட்டது, ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா. அச்சட்டத்தின்கீழ் 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே; வாரியம் நெடுங்காலம் சென்னையிலேயே இயங்கியது. சட்டத்தின்கீழ் 1965இல் வந்த விதிகள், பொதி சுமக்கும் மட்டக் குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50 கிலோ என்று வரம்பு கட்டின. 1998ஆம் ஆண்டின் விதிகள் ஆய்வுக்குரிய விலங்குகளைக் குழுவொன்றின் கண்காணிப்பில் வைத்தன. ஊநீர்க் குதிரைகளும் அதற்குள் அடங்கின. சுமக்கும்போதும் இரத்தம் தரும்போதும் குதிரை சட்டத்தின் கண்ணில் படுகிறது. இவ்விரு நிலைகளுக்கும் இடையே, திடலை விட்டு வெளியேறும் அந்தக் கைம்மாற்றமே நிழலில் இருக்கிறது.

பந்தயத்தைப் பற்றிய சட்டப்போராட்டமும் இதைத் தொடவில்லை. 1974இல் தமிழக அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986இல் கழகத்தையே கையகப்படுத்தச் சட்டம் செய்தது. 1996 ஜனவரியில் லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறன் சார்ந்த விளையாட்டு, சூதாட்டமன்று எனத் தீர்ப்பளித்து, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. குதிரையின் பிறப்பு, பயிற்சி, வேகம் ஆகியவற்றை ஆராய்ந்துதான் நீதிமன்றம் அத்திறனை நிறுவியது. அத்திறன் தீர்ந்த பின்னர் நேர்வது வழக்கின் பொருளாக இருக்கவில்லை, இருந்திருக்கவும் இயலாது.

2024 ஜூனில் உதகைப் பந்தயத் திடலின் 52 ஏக்கர் நிலத்தையும், செப்டம்பரில் கிண்டி நிலத்தையும் தமிழக அரசு மீட்டுக்கொண்டது. குத்தகைப் பாக்கி கிண்டிக்கு மட்டும் 730 கோடி ரூபாய்க்கு மேல் எனக் கணக்கிடப்பட்டிருந்தது. வழக்குகள் தொடர்ந்தன. விவாதம் பெரிதும் நிலத்தையும் பாக்கியையும் சுற்றியே அமைந்தது. உதகையில் சூழல் பூங்கா திட்டமிடப்பட்டது. கிண்டியில் வெள்ளநீரைத் தேக்கக் குளங்கள் தோண்டப்பட்டன. பந்தயம் ஓயும்போது ஒரு குதிரையன்று, ஒரு லாயமே ஓய்வு பெறுகிறது. திடலை விட்டு லாரியில் ஏறும் ஒவ்வொரு குதிரைக்கும் இனப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. வாங்குபவர், தேதி, செல்லும் ஊர் ஆகிய மூன்றையும் அதே பெயருக்கு எதிரே எழுத ஒரு வரி போதும்.